வாக்கு கூடியும் ஆட்சி நழுவியது ஏன்? ஹரியாணா காங்கிரஸ் தவறவிட்ட கணக்கு

புதுடெல்லி: பத்தாண்டு கால பாஜக ஆட்சி மீது அதிருப்தி நிலவியது. மக்களவைத் தேர்தலில் 10 தொகுதிகளில் 5 கைவசம் வந்திருந்தன. கருத்துக்கணிப்புகளும் சாதகமாகவே இருந்தன. இத்தனை இருந்தும் 2024 அக்டோபரில் ஹரியாணா சட்டப்பேரவைத் தேர்தலில் காங்கிரஸ் தோல்வியடைந்தது. வாய்ப்பு கனிந்து நிற்கும்போது அதைக் கைப்பற்றும் வியூகம் அக்கட்சியிடம் இல்லை என்ற ஆதங்கம் தொண்டர்களிடையே வலுப்பெற இத்தேர்தல் முக்கியக் காரணமாயிற்று.

எண்கள் சொல்வது என்ன?

மொத்தமுள்ள 90 இடங்களில் பாஜக 48, காங்கிரஸ் 37 இடங்களைப் பெற்றன. ஆனால் வாக்கு விகிதமோ பாஜகவுக்கு 39.94 சதவீதம், காங்கிரஸுக்கு 39.09 சதவீதம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், 11 இடங்களின் இடைவெளியாக மாறியது. 2019 தேர்தலுடன் ஒப்பிட்டால் காங்கிரஸின் வாக்கு விகிதம் சுமார் 11 சதவீதப் புள்ளிகள் உயர்ந்துள்ளது. கிடைத்த கூடுதல் இடங்கள் 6 மட்டுமே. மக்கள் ஆதரவு பெருகியபோதும் அதைத் தொகுதி வெற்றிகளாக மாற்றும் பணியில் கட்சி பின்தங்கியது என்பதையே இது காட்டுகிறது.

அதிருப்தியாளர்களால் விழுந்த அடி

பதவியில் இருந்த 28 எம்எல்ஏக்களுக்குக் கட்சி மீண்டும் வாய்ப்பளித்தது. அவர்களில் பலர் தோற்றனர். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களைச் சமாதானப்படுத்தவும் முடியவில்லை. பகதூர்கரில் காங்கிரஸ் அதிருப்தியாளர் சுயேச்சையாக நின்று வென்றார். அம்பாலா கண்டோன்மென்ட்டில் அதிருப்தி வேட்பாளர் இரண்டாம் இடம் பிடிக்க, அதிகாரப்பூர்வ வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். உச்சானா கலானில் காங்கிரஸ் தோற்றது வெறும் 32 வாக்குகளில். அங்கும் கட்சியின் அதிருப்தியாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான வாக்குகளைப் பிரித்திருந்தார்.

மக்களவைத் தேர்தலில் கூட்டணியில் இருந்த ஆம் ஆத்மியுடனான தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு இம்முறை முறிந்தது. தனித்து நின்ற அக்கட்சி ஓரிடத்திலும் வெல்லவில்லை என்றாலும் சுமார் 1.8 சதவீத வாக்குகளைப் பெற்றது. இரு பெரும் கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட இது அதிகம். அந்த வாக்குகள் முழுவதும் காங்கிரஸுக்கு வந்திருக்கும் என்று கூற இயலாது. எனினும் நெருக்கமான போட்டியில் சிறு பங்காளியின் மதிப்பு என்ன என்பதை இது உணர்த்துகிறது.

பாஜக செய்தது என்ன?

தேர்தலுக்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, மனோகர் லால் கட்டாருக்குப் பதிலாகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நாயப் சிங் சைனியை பாஜக முதல்வராக்கியது. ஜாட் அல்லாத வாக்குகளை ஒருங்கிணைப்பதே அதன் நோக்கமாகக் கருதப்பட்டது. காங்கிரஸிலோ முன்னாள் முதல்வர் பூபேந்தர் சிங் ஹூடாவின் கை ஓங்கியிருந்தது. பட்டியலின வகுப்பைச் சேர்ந்த மூத்த தலைவர் குமாரி செல்ஜா பிரசாரத்தின் முக்கியமான நாட்களில் ஒதுங்கியிருந்தார். கோஷ்டிப் பூசலை எதிர்க்கட்சி எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி அது மக்கள் கண்முன் நடந்தது.

அமைப்பு இல்லாத கட்சி

எல்லாவற்றுக்கும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஹரியாணாவில் காங்கிரஸுக்கு மாவட்டத் தலைவர்களே நியமிக்கப்படவில்லை. வாக்குச்சாவடியில் முகவரை நிறுத்துவது, வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது, ஆதரவாளர்களை வாக்களிக்க அழைத்து வருவது ஆகிய பணிகளை ஒருங்கிணைக்க வேண்டியவர்கள் அவர்களே. மாநிலம், மாவட்டம், வட்டார அளவிலான காலிப் பதவிகளை விரைந்து நிரப்புவதாக 2022 மே மாதம் உதய்பூர் சிந்தனை முகாமில் கட்சி அறிவித்தது. ஹரியாணாவில் அது நடந்தேறியது தேர்தல் முடிந்த பின்னர், 2025 ஆகஸ்டில்தான். சட்டப்பேரவைக் கட்சித் தலைவரைத் தேர்வு செய்யவும் ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

தோல்விக்கு வாக்கு எண்ணிக்கையிலும் வாக்காளர் பட்டியலிலும் நடந்த முறைகேடுகளே காரணம் என்று காங்கிரஸ் குற்றம்சாட்டுகிறது. தேர்தல் ஆணையம் அதை மறுத்துள்ளது. இந்த விவாதம் ஒருபுறம் இருக்க, முறைகேடு நடந்தால் அதை அதே நாளில், அதே சாவடியில் கண்டுபிடிக்கவும் வலுவான உள்ளூர் அமைப்பு தேவை என்பதே கட்சித் தொண்டர்கள் முன்வைக்கும் வாதம்.

ஏன் இது முக்கியம்?

இது ஒரு கட்சியின் உள்விவகாரம் மட்டுமன்று. 39 சதவீத வாக்காளர்கள் மாற்றத்தை விரும்பி ஒரு கட்சியை நம்பி வாக்களித்தனர். அந்த நம்பிக்கையை வெற்றியாக மாற்றும் பொறுப்பு கட்சித் தலைமையைச் சார்ந்தது. மாவட்டத் தலைவர்கள் நியமனம் அதற்கான தொடக்கம் எனலாம். அது வாக்குச்சாவடி வரை சென்று சேருமா என்பதே அடுத்த தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கும்.