துப்புரவுப் பணியே தீங்காகும்போது

மாரடைப்புக்குக் குருதியிலுள்ள கொலஸ்திரோலையே பலரும் குறை கூறுவர். அதனை விழுங்கும் கலங்களை எவரும் நினைப்பதில்லை. வெண்குழிய இனத்தைச் சேர்ந்த பெருந்தின்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள சிடி36 என்னும் வாங்கி, இறந்த கலங்களையும் ஒட்சியேற்றமடைந்த கொழுப்புத் துணிக்கைகளையும் பற்றி உள்ளிழுக்கின்றது. பயனுள்ள துப்புரவுப் பணிதான். ஆயினும், சாதாரண கொலஸ்திரோல் வாங்கிகள் கலம் நிறைந்ததும் குறைந்துவிட, சிடி36 விழுங்க விழுங்கப் பெருகுகின்றது. கொழுப்பால் உப்பிய குழியங்கள் நாடிச் சுவரிலேயே தங்கிப் படிவுகளாகின்றன.

பல்சிபாரம் மலேரியாக் கிருமியும் இவ்வாங்கியைப் பயன்படுத்துகின்றது. கிருமி புகுந்த செங்குழியங்கள் நுண்குழாய்ச் சுவரிலுள்ள சிடி36இல் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்குத் தப்புகின்றன.

அவ்வாறாயின் மருந்தால் இதனை முடக்கிவிடலாமே எனத் தோன்றும். ஆனால் இதயத்தசை தன் பிரதான எரிபொருளான கொழுப்பமிலத்தைப் பெருமளவில் உள்ளெடுப்பதும் இதே வாங்கியின் வழியாகவே.