அப்பாவின் டார்ச் லைட்டை என்ன செய்வது?

உங்கள் வீட்டுப் பரணிலோ, கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியிலோ ஒரு பழைய டார்ச் லைட் கிடக்கிறதா? ஊரைவிட்டு இரயிலேறினபோது பாயோடும் பாத்திரங்களோடும் அதுவும் வந்திருக்கும். இன்றோ கைபேசியிலேயே விளக்கு இருக்கிறது. அதை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

மும்பையில் ஒரு குடும்பத்தார் குடிசையைக் காலிசெய்து, அதற்கு மாற்றாகக் கிடைத்த 225 சதுர அடி அடுக்குமாடி வீட்டிற்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து மூன்று டார்ச்சுகள் வெளிவந்தன. பங்கார்காரரிடம் போட்டுவிடலாம் என்றார் மருமகள். மகன் தயங்கினார். வயதான தாயாரோ ஒன்றும் பேசவில்லை. என்னைக் கேட்டபோது, நான் சற்றும் யோசியாமல், "பொருளின்மேல் இத்தனை பற்று எதற்கு அம்மா? போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாயார் அவற்றில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா, அவுக ராத்திரி முறைத்தண்ணி பாய்ச்சப் போவாக. இந்த வெளிச்சம் வரப்பு மேல வர்றதப் பாத்துட்டுத்தான் நான் சோத்த எடுத்து வைப்பேன்" என்றார்.

என் ஆலோசனையை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். பற்றைக் குறித்துப் பேசுவது எனக்கு எளிது. பாம்பும் தேளும் உள்ள வரப்பில் கணவன் திரும்பி வருகிறான் என்பதற்கு அந்த ஒளிவட்டம் ஒன்றே அடையாளமாயிருந்த இரவுகளை நான் அறியேன்.

அது மூன்று கட்டை பேட்டரி போடும் பித்தளை டார்ச். அடிப்பக்கத்தில் கணவரின் பெயரின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. பாத்திரக்கடையில் குடத்திற்கும் தூக்குச்சட்டிக்கும் பெயர் வெட்டுவதுபோல, அந்நாட்களில் டார்ச்சுக்கும் வெட்டுவார்கள். அது அவ்வளவு மதிப்புள்ள பொருளாயிருந்தது. எவரெடி டார்ச்சுகளுக்கான தொழிற்சாலை லக்னோவில் 1958இல் அமைந்தது. ஜீப் டார்ச் அலகாபாத்திலிருந்து வந்தது. வடக்கே செய்யப்பட்டவை தெற்கே நம் வயல்வரப்புகளில் நடந்தன. (1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆதிகால டார்ச், மின்கலம் பலவீனமானதால், தொடர்ந்து எரியாமல் சற்று மின்னி மின்னி அணைத்துக்கொள்ளவே உதவியது. ஃபிளாஷ் லைட் என்று ஆங்கிலத்தில் பெயர் வந்தது அதனால்தான்.)

அன்று மூடியைத் திறக்கப் பார்த்தோம், அசையவில்லை. உள்ளே பழைய பேட்டரிகள் கசிந்து இறுகிப்போயிருந்தன. சாதாரண பேட்டரிக் கட்டையின் துத்தநாகக் கூடுதான் அதன் எதிர்முனை. மின்சாரம் தரத்தர அந்தக் கூடே கரைந்து, ஓட்டை விழுந்து, உள்ளிருக்கும் இரசாயனம் வெளியேறிப் பித்தளையை அரிக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படியானால் சுத்தியலால் தட்டாதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். கையுறை அணிந்து, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சில மணிநேரம் ஊறவிடுங்கள். பின்பு முன்பக்கத்தைக் கழற்றி ஒரு மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. வெளியே வந்த பேட்டரிகளை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். அதற்கென்றே 2022இல் மத்திய அரசின் விதிகள் வந்துள்ளன.

சுத்தம் செய்வதிலும் நிதானம் தேவை. பித்தளை என்றவுடன் புளியைத் தேடுவது நம் பழக்கம். வெள்ளைப் பூச்சுள்ள டார்ச்சில் புளியோ சாம்பலோ தேய்த்தால் பூச்சு போய்விடும். உள்ளிருக்கும் கிண்ணம்போன்ற கண்ணாடிப் பகுதியைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழுந்து வெளிச்சம் மங்கும். அவருடைய கைபட்டுத் தேய்ந்த இடத்தை அந்தத் தாயார் துலக்கவே விடவில்லை. அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

மற்ற இரண்டின் காரியம் விரைவில் முடிந்தது. ஒன்று உடைந்த பிளாஸ்டிக். அதை யார் வாங்கினார்கள் என்பதே ஒருவருக்கும் நினைவில்லை, போயிற்று. மற்றொன்று இரண்டு கட்டை டார்ச். ஊரில் இன்னும் இரவில் தோட்டத்திற்குப் போகும் இளைய மகனுக்கு அதை அனுப்பினார்கள். பங்கார்காரரிடம் போட்டிருந்தால் எடைக்கணக்கில் சொற்பமே கிடைத்திருக்கும்.

ஆகவே, பிரியமானவர்களே, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிறிய வீட்டில் அது முடியாது. யாருடைய நினைவு அதில் இருக்கிறதோ அவரைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பெரியவர்கள் மௌனமாயிருப்பதைச் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். வைத்துக்கொள்ளும் ஒன்றை எரியும் நிலையில் வையுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மின்சாரமின்றி இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் பலர்.

அந்தப் பித்தளை டார்ச்சுக்கு அதன் மரைக்கும் மூன்று கட்டைக்கும் பொருந்தும் எல்.இ.டி. பல்பு ஒன்றை மகன் வாங்கிவந்தார். இப்போது அது புதிய வீட்டின் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. கசிந்துவிடக் கூடாதென்று பேட்டரிகளைத் தனியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள். அந்த டப்பா மருமகளின் பொறுப்பு.