தச்சு வேலை என்றால் இளக்காரமா?



இயேசுநாதர் என்ன வேலை செய்தார் தெரியுமா? தச்சு வேலை. பைபிளில் அப்படித்தான் இருக்கிறது. சொந்த ஊரில் அவர் பேசியபோது, இவன் தச்சன்தானே என்று ஊர்க்காரர்களே இளக்காரமாகப் பேசினார்களாம். அவர் கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்பவர் எழுதியிருக்கிறார்.

அந்த ரோமர் காலத்தில் நம் நாட்டு மரம் அந்தப் பக்கம் வரை போயிருக்கிறது. எகிப்தில் செங்கடல் ஓரமாக உள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது இந்தியத் தேக்குக் கட்டைகள் கிடைத்தன. ஒரு பானையில் 7.5 கிலோ மிளகும் இருந்தது.

சரி, அப்போது நம்ம ஊர்த் தச்சர்கள் என்ன செய்தார்கள்? தேர் செய்தார்கள். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில், அதியமானோடு சண்டைக்கு வராதீர்கள் என்று பகைவர்களை ஔவையார் எச்சரிக்கிறார். அவன் யார் தெரியுமா? ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒரே ஒரு சக்கரம் போன்றவனாம்!

ஒரு சக்கரத்துக்கு எதுக்கு ஒரு மாசம்? பூந்தமல்லி பக்கம் மாட்டுவண்டி செய்த எங்க தாத்தாவைக் கேட்டேன்.

“பச்சை மரத்துல செஞ்சா காஞ்சதும் சுருங்கிடும், ஆரக்கால் ஆடும். அதனால மரம் நல்லா காயணும். நடுவுல குடம், அதுல ஆரக்கால், சுத்தி வட்டை. ஒரு ஆரக்கால் கொஞ்சம் நீண்டாலும் சக்கரம் வட்டமா வராது. செதுக்கிச் செதுக்கிப் பொருத்தணும். கடைசியா இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணி ஊத்தணும். பட்டை சுருங்கி எல்லாத்தையும் இறுக்கிப் புடிச்சிக்கும்மா” என்றார்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஏழாம் வகுப்பில் அப்பாவின் தொழிலை எழுதச் சொன்னபோது வெட்கப்பட்டு ‘சொந்தத் தொழில்’ என்று எழுதினேன். அப்பா அம்பத்தூர், ஆவடி பக்கம் புது வீடுகளுக்குக் கதவு, அலமாரி செய்கிறார். இப்போ மெஷின் ரம்பம், பிளைவுட் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அப்பா பையில் உளியும் இழைப்புளியும் இருக்கு. அளவு தப்பினா கதவு சாத்தாது. மெஷின் அதைப் பார்த்துச் சொல்லாது, கண்ணும் கையும்தான் சொல்லணும்.

இந்த வருஷம் ‘தச்சர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்க கதவைச் சாத்திப் பாருங்க. இடிக்காமல் சாத்தினால், அதைச் செய்தவரை ஒரு நிமிஷம் நினையுங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி