உங்களுக்குத் தெரியுமா? பெல்ஃபாஸ்டை விட்டு வெளியேறிய ரோமா குடும்பங்கள்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே ரோமா மக்கள். 2007இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், அங்கிருந்து சில ரோமா குடும்பங்கள் பிழைப்பு தேடி வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு வந்தன. 2009 ஜூனில் அவர்கள் குடியிருந்த வீடுகள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டன, ஜன்னல்கள் நொறுங்கின. கைக்குழந்தைகளோடு நூறு பேருக்கு மேல் ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகத் திரண்ட உள்ளூர் மக்கள்மீதும் பாட்டில்கள் வீசப்பட்டன. அப்படித் துணைநின்ற மனிதர்களையும் நாம் மறக்கக் கூடாது. ஆனாலும் அச்சம் நீங்கவில்லை. சில வாரங்களில் பெரும்பாலோர் அரசுச் செலவில் ருமேனியாவுக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு சிறு கும்பலின் வெறுப்பு அங்கே வென்றது பெரும் வெட்கக்கேடு.