ஊசி குத்திய பக்கங்கள்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அச்சான பூத்தையல் மாதிரிப் புத்தகங்களைப் பெண்களை வீட்டுக்குள் அடக்கி உட்காரவைத்த சாதனமாகவே பலர் பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செசாரே வெசெல்லியோ 1591-ல் வெனிஸில் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே அதை உயர்குலத்து நற்குணப் பெண்களுக்கான மகுடம் என்கிறது. பாரிஸில் 1587-ல் வந்த ஃபெடெரிகோ வின்சியோலோவின் புத்தகம் பிரான்ஸ் அரசி லூயிஸுக்குக் காணிக்கை. சும்மா இருக்கும் கை கெட்டுப்போகும், ஊசி பிடித்த கை கெடாது என்பது அக்காலத்துப் போதனை. ஆனால் தலைப்பும் காணிக்கையும் புத்தகத்தின் வாசல்தான். உள்ளே போய்ப் பார்த்தால், இவை ஒழுக்கம் போதிக்க வந்தவை அல்ல, வேலைக்கு வந்தவை என்பது புரியும்.

இந்தப் புத்தகங்கள் வருவதற்கு முன் துணியில் நல்ல டிசைன் வேண்டுமென்றால் ஓவியரையோ பட்டறையையோ நாட வேண்டும். இல்லையென்றால் பழைய துணியைப் பார்த்துத் தைக்க வேண்டும். 1520-களில் ஆக்ஸ்பர்கில் ஷோன்ஸ்பெர்கர், 1527-ல் கொலோனில் பீட்டர் குவென்டெல், அதே ஆண்டு வெனிஸில் தாலியென்டே என்று அச்சகங்கள் இதில் இறங்கியதும் நிலைமை மாறியது. தாலியென்டே கையெழுத்துக்கலை ஆசிரியர். கணக்குப் புத்தகமும் போட்டவர். எழுத்தும் கணக்கும் தாமே கற்க விரும்பியவர்களுக்கு அச்சிட்ட கைகள்தாம் பூவேலைக்கும் அச்சிட்டன. பக்கங்கள் இரு வகை. கட்டம் போட்டவற்றில் ஒரு கறுப்புக் கட்டத்துக்கு ஒரு தையல். இழையை எண்ணிக்கொண்டே போனால் போதும். கோட்டுருவமாக உள்ளவற்றில் கோட்டின் மேலேயே ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தேய்ப்பார்கள். இன்று நம் ஊர் ஆரி வேலைக்காரர்கள் டிரேசிங் பேப்பரில் துளையிட்டு டிசைன் இறக்குவதும் ஏறக்குறைய இதே முறைதான். இப்படிப் புழங்கியதால் பக்கங்கள் துளைபட்டன, கிழிந்தன. இன்று இவை அரிதாகவே கிடைப்பது அவற்றை யாரும் மதிக்காததால் மட்டுமல்ல. பயன்படுத்தித் தீர்த்ததாலும்தான்!

வரைந்தவர்கள் ஆண்கள், பெண்கள் கட்டத்தை நிரப்பியவர்கள்தானே என்று கேட்கலாம். பெரும்பாலான புத்தகங்களில் ஆண் பெயர்தான் இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. 1561 வாக்கில் சூரிக்கில், சீர்திருத்தச் சபையின் பைபிளை அச்சிட்ட அதே ஃப்ரோஷவர் அச்சகத்திலிருந்து ஒரு லேஸ் மாதிரிப் புத்தகம் வந்தது. ஆசிரியர் ஒரு பெண். ஆர்.எம். என்ற முதலெழுத்துகளோடு நின்றுவிட்டார். நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் அந்த லேஸ் 1536-ல் இத்தாலிய வணிகர்கள் வழியாகத் தம் ஊருக்கு வந்ததென்றும், பெண்கள் அதில் பிழைப்பு நடத்துகிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். சம்பாத்தியத்தைப் பற்றிப் பேசும் இந்தக் குரல், வெசெல்லியோவின் தலைப்பில் நாம் கேட்காத குரல். ரோமில் இசபெல்லா பரசோலே தாமே வரைந்து, 1597-லும் 1616-லும் தம் பெயரிலேயே புத்தகம் வெளியிட்டார்.

பார்த்துத் தைப்பதும் கண்மூடித்தனமான நகல் அல்ல. எந்தக் கரைக்கு எந்த மூலைப் பூ பொருந்தும், எந்த நிறம், எவ்வளவு பெரிதாக என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஊசி பிடித்தவரே; அச்சுப் பக்கம் கறுப்பு வெள்ளைதான். அச்சகத்தாரும் ஒருவர் மாதிரியை ஒருவர் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். நியூரம்பெர்கில் சிப்மாக்கர் வரைந்தவை, பிறகு லண்டனில் வேறு பெயரில் விற்றன. அப்படி எடுத்தவர்களை அச்சுத்தொழில் வரலாறு மதித்துப் பேசுகிறது. அதே செயலைத் துணியில் செய்த பெண்ணை மட்டும் வெறும் நகலெடுப்பவர் என்பது நியாயமில்லை.

இந்தப் புத்தகங்கள் பலவற்றின் பக்கங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பூவேலை தெரிந்தவர்கள் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு கரையையாவது எண்ணித் தைத்துப் பாருங்கள்.