தோற்றால் கோச்சை மாற்றலாமா?



லிங்கராஜபுரத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு நாள் மாலை, எங்கள் தெருக்காரர் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷமும் மொத ரவுண்டுலயே அவுட்டு சார். அந்தக் கோச்சை மொதல்ல தூக்கணும்!" என்றார். அவருடைய மகன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரியில் சேர்ந்து கூடைப்பந்து ஆடுகிறான். கட்டணத்தில் பாதி தள்ளுபடி. மூன்று வருஷத்தில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்துவிட்டால் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கலாம் என்பது அந்தக் குடும்பத்தின் கணக்கு. ஆகவே அவர் கோபத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சில மாதங்களில் அந்தக் கோச் போய்விட்டார், அதுவும் பருவத்தின் நடுவில். தகவல் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. புதியவர் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் நான்கு பையன்கள் பயிற்சிக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். "தூக்கணும்னு நான்தான் சொன்னேன். ஆனா இப்படியா?" என்று அதே தெருக்காரர் வருந்தினார். கல்லூரியின் பெயர் இங்கே முக்கியமல்ல. சரியாக ஆடாத அணியின் கோச்சை ஒரு கல்லூரி எப்போது நீக்கலாம், எப்போது நீக்கக் கூடாது என்ற கேள்விதான் முக்கியம்.

கிளப் வேறு, கல்லூரி வேறு

நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கண்டீரவா மைதானத்தில் ஆடும் பெங்களூரு எஃப்.சி. கால்பந்து அணிக்கு 2019இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்று தந்தவர் கார்லஸ் குவாட்ராட். தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றதும் 2021 ஜனவரியில் அவர் விலக நேர்ந்தது. பின்னர் வந்த சைமன் கிரேசன் 2022இல் டூராண்ட் கோப்பையை வென்றார், அணியை ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். 2023 டிசம்பரில் அவரும் போனார். தொழில்முறைக் கிளப்பில் இது சகஜம். அங்கே ஆட்டக்காரரும் சம்பளக்காரர், கோச்சும் சம்பளக்காரர்.

கல்லூரியில் ஆடுபவன் மாணவன். அவன் கையில் இருப்பது மூன்றே வருஷம். கோச்சை வைத்திருப்பதிலும் தவறு நேரலாம், நீக்குவதிலும் தவறு நேரலாம். இரண்டுக்கும் விலை கொடுப்பவன் அவன்தான். ஆகவே "யார் ஜெயித்தார்?" என்பதற்கு முன்னால் "பையன் என்ன கற்றுக்கொண்டான்?" என்று கேட்க வேண்டிய இடம் கல்லூரி.

தோல்விக் கணக்கு சொல்லாதது

கூடைப்பந்தை 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அந்த வகையில் இந்த ஆட்டத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் நூறாண்டு உறவு உண்டு. ஒரு வேடிக்கை பாருங்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தே கான்சஸ் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தபோது 55 ஆட்டங்களில் வென்றார், 60இல் தோற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவரே!

அடுத்தது டியூக் பல்கலைக்கழகம். மைக் ஷஷெவ்ஸ்கி 1980இல் அங்கே பொறுப்பேற்றார். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983இல் ஓர் ஆட்டத்தில் 43 புள்ளி வித்தியாசத்தில் அணி மண்ணைக் கவ்வியது. "வெளியே அனுப்பு" என்று பழைய மாணவர்கள் குரல் எழுப்பினார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில் அவர் ஒப்பந்தத்தை நீட்டித்தார். பிறகு 1991 தொடங்கி 2015 வரை ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. 2022இல்தான் அவர் ஓய்வு பெற்றார்.

இதற்கு நேர் எதிரான கதை இந்தியானா பல்கலைக்கழகத்தின் பாப் நைட். மூன்று தேசியப் பட்டங்கள், 29 ஆண்டு சேவை. ஆனாலும் நடத்தை சரியில்லை என்று 2000 செப்டம்பரில் அவரை நீக்கினார்கள். ஆகத் தோற்றவரை வைத்துக்கொண்டதும் சரியாகலாம், ஜெயித்தவரை அனுப்பியதும் சரியாகலாம்.

"அப்படின்னா தோத்துக்கிட்டே இருந்தாலும் வச்சுக்கணுமா?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. ஒரு ஷஷெவ்ஸ்கியைக் காட்டி எல்லாத் தோல்விக்கும் சால்ஜாப்பு சொல்ல முடியாது. தோல்வி எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மாற்றினால் முன்னேற்றம் வருமா?

மிக மோசமான ஒரு வருஷத்துக்கு அடுத்த வருஷம், யார் கோச்சாக இருந்தாலும், கொஞ்சம் நன்றாகவே இருக்கும். காயங்கள் ஆறும், அதிர்ஷ்டம் திரும்பும். இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறார்கள் புள்ளியியலார். நாம் அதைப் புதுக் கோச்சின் கைராசி என்று நினைத்துக்கொள்கிறோம். நெதர்லாந்துக் கால்பந்து அணிகளைப் பற்றிய ஆய்வுகள், கோச்சை மாற்றிய அணிகள் தேறியதைப் போலவே, அதே அளவு சரிந்தும் மாற்றாமல் இருந்த அணிகளும் தேறின என்று காட்டுகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் அணிகளை ஆராய்ந்து ஆட்லர், பெரி, டோஹர்டி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. படுமோசமான அணிகளுக்குக் கோச் மாற்றத்தால் பெரிய பலன் இல்லை. நடுத்தர அணிகளோ மாற்றிய பிறகு, மாற்றாத அணிகளைவிடக் கீழே போயின.

நம் கல்லூரிப் போட்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாக்-அவுட் முறையில் ஒரே ஒரு மோசமான பிற்பகலில் ஒரு வருஷ உழைப்பு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நாளை வைத்து ஒரு மனிதரை எடை போடுவது நியாயமா?

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கல்லூரி தன்னைப் பார்க்க வேண்டும். மைதானம் எத்தனை மணி நேரம் கிடைத்தது? பந்துகள் எத்தனை? உயரமான நல்ல பையன்களுக்கு சீட் கொடுத்தோமா? இவை எதுவும் கோச்சின் கையில் இல்லை.

அடுத்து, கோச்சின் கையில் இருப்பவை. பயிற்சிக்கு அவர் ஒழுங்காக வருகிறாரா? முதலாம் ஆண்டில் நூறு ஃப்ரீ த்ரோவில் ஐம்பது போட்ட பையன், மூன்றாம் ஆண்டில் எத்தனை போடுகிறான்? போன வருஷம் தோற்ற அதே தவறால் இந்த வருஷமும் தோற்கிறோமா? எத்தனை பேர் பாதியில் ஓடினார்கள்? எத்தனை பேர் பரீட்சையில் அரியர் வைத்தார்கள்? ஆட்ட முடிவு ஒரு நோட்டில் என்றால், இவை இன்னொரு நோட்டில் இருக்க வேண்டும். வசதி கொடுத்தும் இரண்டாவது நோட்டு வருஷா வருஷம் இறங்கினால், அப்போது மாற்றலாம். தோற்றாலும் இரண்டாவது நோட்டு ஏறிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். ஒரு கோச் தானே தேர்ந்தெடுத்த பிள்ளைகளை முதலாண்டிலிருந்து மூன்றாமாண்டு வரை கொண்டுபோவதற்கு மூன்று வருஷம் வேண்டும். அதற்கு முன் தீர்ப்பு சொல்வது அவசரம்.

சில விஷயங்களில் மூன்று வருஷம் அல்ல, மூன்று நாளும் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளை அடிப்பது, பாலியல் தொல்லை, தேர்வுக்குப் பணம் வாங்குவது, பொய்ச் சான்றிதழ், காயம்பட்டவனைக் கட்டாயப்படுத்தி இறக்குவது ஆகியவை அவை. புகார் வந்த உடனே பொறுப்பிலிருந்து விலக்கி வைத்து விசாரிக்க வேண்டும். கோப்பை அலமாரி நிறைந்திருந்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது.

எப்படி அனுப்புவது?

கர்நாடகத்திலிருந்து சென்ற டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கத் தனியார் கல்வி நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் முறைகேடு என்று குற்றம் சாட்டினால் முறையாக விசாரித்தாக வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். நிரந்தரப் பணியில் இருக்கும் உடற்கல்வி இயக்குநருக்கு இப்படிப் பாதுகாப்பு உண்டு. ஆண்டு ஒப்பந்தத்தில் மதிப்பூதியம் வாங்கும் கோச்சின் கதை வேறு. அவரை யாரும் நீக்குவதே இல்லை. அடுத்த ஜூன் மாதம் ஃபோன் வராது, அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பு எழுத்தில் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கும் நஷ்டமே. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2023இல் 2026 வரை நீட்டித்தது. 2024 ஜூனில் அவரை நீக்கியது. கடைசியில் நான்கு லட்சம் டாலர் தந்து கணக்கு முடித்ததாகச் செய்தி வந்தது.

ஆகவே பருவத் தொடக்கத்திலேயே இலக்குகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். குறை இருந்தால் எழுத்தில் சொல்லி ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். அனுப்புவதானால் பருவம் முடிந்த பின், அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்பது அதன் முடிவு. கல்லூரிக் கமிட்டிகள் இரண்டையும் செய்கின்றன. சிபாரிசில் எடுக்கிறார்கள், சலசலப்பில் அனுப்புகிறார்கள்.

நம் சங்க உறுப்பினர்களில் கல்லூரி நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் பலர். அடுத்த முறை "கோச்சைத் தூக்கணும்" என்ற தீர்மானம் மேஜைக்கு வந்தால், அந்த இரண்டாவது நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். நோட்டே இல்லையென்றால் குற்றம் கோச்சுடையது மட்டுமல்ல. எங்கள் தெருப் பையன் இப்போது இறுதியாண்டு. ஆட்டத்தை விடவில்லை. காலையில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் போன இரண்டு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது. அடுத்து வருகிற பையனுக்காவது அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம்.