ஒரு பிடி விதையும் பங்குமனை வளவும்

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். 1972இல் ஸ்டொக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாட்டைத் தொடர்ந்து, 1973 முதல் இது அனுசரிக்கப்பட்டு வருகின்றது. எமது மட்டக்களப்பிலும் அன்று மரக்கன்றுகள் நடுகிறோம். ஆனால் இங்கே அது கச்சான் காற்று வீசும் கோடை காலம். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத கன்று சில நாட்களிலேயே கருகிவிடும்.

கடந்த ஆண்டு வாவியோரப் பாடசாலையொன்றின் சுற்றாடல் விழாவுக்கு நாம் அழைக்கப்பட்டபோது, அத்தகைய விழாவொன்றையே எதிர்பார்த்துச் சென்றோம். எமது எண்ணம் பிழைத்தது.

முதலாவது கூடத்தில், கண்டல் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒதுங்கி வளர்வதை மாணவர்கள் விளக்கினர். அடுத்த கூடத்தில் ஆற்றுவாழைக் கூட்டெரு. வயலுக்கு இடும் உரத்தில் ஒரு பகுதி மழைநீரோடு வாவியை அடைகின்றது. அந்தச் சத்தில் ஆற்றுவாழை பெருகித் தோணிப் பாதையை அடைக்கின்றது. அதை அள்ளி வாட்டி, மாட்டெருவும் இலைகுழையும் சேர்த்து மக்கச் செய்தால், போன சத்து மீண்டும் நிலத்துக்கு வருகின்றது.

மூன்றாவது கூடத்தில் கிராமத்துத் தாய்மார் பயற்றை, கத்தரி, வெண்டி, கொச்சிக்காய் விதைகளைச் சாம்பல் கலந்து போத்தல்களில் வைத்திருந்தனர். விலை இல்லை. ஒரு பிடி எடுப்பவர் அடுத்த ஆண்டு இரண்டு பிடி திருப்பித் தரவேண்டும். தமிழ்நாட்டின் திருத்துறைப்பூண்டியில் 'நெல்' ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவிலும் இதே முறைதான். 2 கிலோ பாரம்பரிய விதைநெல் பெறும் விவசாயி, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுப்பார்.

"சுவாமி, நீங்களும் ஒரு பிடி கொண்டு போங்க. பங்குமனை வளவுக்குள்ள என்ன நட்டிருக்கிறீங்க?" என்று வயோதிபத் தாய் ஒருவர் கேட்டார்.

எம்மிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுத்தோட்டம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம். எமது வளவிலோ பூச்செடிகள் மட்டுமே நின்றன. கறிக்காய் தம்புள்ளையிலிருந்து வந்த லொறியில் இறங்கியது. வெட்கத்தோடு ஒரு பிடி பயற்றை விதையை வாங்கிக்கொண்டோம்.

உடனே விதைக்கவில்லை. எமது மண் வெறும் மணல். நீரும் நில்லாது, பசளையும் நில்லாது. எனவே ஐப்பசி மழை வரும்வரை கூட்டெருவைத் தயாரித்தோம். குழிகளில் பொச்சுமட்டைகளை அடுக்கி, மேலே எருவும் மண்ணும் இட்டோம். பொச்சுமட்டை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டதை விவசாயிகள் மறக்கமாட்டார்கள். சேதனப் பசளை கட்டளையால் உருவாவதில்லை. அதற்குக் காலமும் கைகளும் வேண்டும்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டோம். பிறகு வாங்கி நட்ட கத்தரியும் வெண்டியும் மார்கழி மழையில் அழுகின. பாத்திகளை உயர்த்தாதது எமது தவறு. வேலியில் படர்ந்த பயற்றை மட்டும் தை மாதத்தில் அயலவருக்கும் கொடுக்குமளவு காய்த்தது.

மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார் என்று தொடக்க நூல் கூறுகின்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலும் இப்பொறுப்பையே நினைவூட்டுகின்றது. இதைப் பீடத்தில் நின்று போதிப்பது எளிது. மண்வெட்டி பிடித்த பின்னரே அதன் பாரம் எமக்குப் புரிந்தது.

சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே உலரவிட்டோம். இப்போது சாம்பல் கலந்த போத்தலொன்று எமது சமையலறையில் இருக்கின்றது. அதில் இரண்டு பிடி அந்தத் தாய்க்குரியது. மிகுதி, கேட்டு வருபவர்களுக்கு. நிபந்தனை அதேதான்.